கண்டக்டர் மாதேசனுக்கு நான் எழுதிய ஒரு வரி

இந்த வருடம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

ஒன்றும் தென்படவில்லை என்று நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை அறிக்கையின் அடியிலும் ஒரு வரி அச்சாகியிருக்கும். ‘இந்தச் சோதனையில் தென்படவில்லை, நோய் இல்லை என்று இதற்குப் பொருளாகாது.’ போன மாதம் உங்களில் ஒருவர் போன் செய்து, “மேடம், இது வக்கீல் எழுதிக் கொடுத்ததா?” என்று கேட்டார். இல்லை. ஒரு தனியார் பஸ் கண்டக்டரும் அவருடைய மனைவியும் என்னை எழுத வைத்த வரி அது. அந்தக் கதையைச் சொல்கிறேன். சோதனையை எப்படிச் செய்வது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதை அங்கே உங்களோடு இருக்கும் ரூபா என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். ஓய்வு பெற்ற பிறகு நான் அளந்து ஊற்றுவது டிகாக்ஷன் மட்டும்தான்.

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு ரிசெப்டரோடு கழித்தவள் நான். பாடப் புத்தகங்களில் அதை ஏற்பி என்கிறார்கள். கையை அசைக்க வேண்டும் என்றால் நரம்பின் நுனி ஒரு ரசாயனத்தை வெளியிடும். தசையின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ள ரிசெப்டர்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். அவை பிடித்தால் தசை சுருங்கும். சிலருக்கு, கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி, வழி தவறி இந்த ரிசெப்டர்களையே தாக்கும். அவர்களுக்கு முதல் அசைவு சரியாக இருக்கும். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் தசை தளர்ந்துபோகும். ஓய்வெடுத்தால் பலம் திரும்பி வரும். இமை இறங்கும், பேச்சு குழறும், மெல்ல முடியாது, தலை வார முடியாது. அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

மைசூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்தம் சின்னக் குழாய்களில் வரும். ஆளை எங்களுக்குத் தெரியாது, எண்தான் தெரியும். அப்படி வந்த ஒரு குழாயில் ஒன்றும் தென்படவில்லை. இரண்டு முறை செய்து பார்த்தேன். கவனமாகத்தான் செய்தேன். பிறகு அறிக்கையில் ‘இந்த நோய் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் தவிர, அந்த வரியை எழுதும்போது என் மனதில் எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, வாசலில் காவலாளியோடு ஒரு பெண் வாதாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட, வாட்டசாட்டமான ஒருவர் சங்கடத்தோடு நின்றிருந்தார். அந்தப் பெண்ணின் கையில் என் அறிக்கை.

“ஏனுங்கம்மா, இந்தக் கையெழுத்துப் போட்டவங்க யாருங்க?”

“நான்தான்.”

“அப்ப நீங்கதான் பாக்கோணும்” என்றார். அவர் பெயர் பழனியம்மா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மார்டள்ளியிலிருந்து வந்திருந்தார். காக்கிச் சட்டைக்காரர் அவருடைய கணவர் மாதேசன், மைசூரிலிருந்து மார்டள்ளி போகும் ஒரு தனியார் பஸ்ஸில் பதினோரு வருடமாகக் கண்டக்டர். மாதேசன் என்னைப் பார்த்துத் தெளிவாக, சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னார். நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“உங்களை அனுப்பிய டாக்டரைப் போய்ப் பாருங்க. எங்களுக்கு ரத்தம் மட்டும்தான் வரும். நாங்க ஆளைப் பார்க்கிறதில்லை” என்றேன். சொல்லும்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது.

“அதாங்க கோளாறு. ஆரும் பாக்கறதில்லீங்க.” பழனியம்மா குரலை உயர்த்தவில்லை. “ஆசுபத்திரில எப்பவும் காலைல ஒம்பது மணிக்கு வரச் சொல்றாங்க. காலைல அவுரு நல்லாத்தானுங்க இருப்பாரு. மத்தியானத்துக்கு மேல நாக்கு கொழறுது, கண்ணு சொருகுது. குடிச்சுப்போட்டு வண்டியேறறாருன்னு சனங்க பெராது சொல்லிட்டாங்க. காப்பி குடிச்சாலே மூக்கு வழியா வருதுங்க அவுருக்கு, சாராயம் எங்கீங்க குடிக்கறது? வியாதியா இருக்கும்னு மொதலாளிகூட நெனச்சாருங்க. இந்தக் காயிதம் வந்துச்சு. வியாதி இல்லைன்னு போட்டிருக்குது. அப்ப குடிதானேன்னு அவுர வண்டிய விட்டு எறக்கிப்போட்டாங்க.”

நான் என் கையெழுத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து.

“இப்ப என்ன செய்யணும்?”

“அஞ்சு நிமிசம் நில்லுங்க. போதும்.” பழனியம்மா கணவர் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, ஊரக் கூப்பிடுங்க.”

மாதேசன் தயங்கினார். அது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நடைபாதை. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவுகள், உள்ளே மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் வேலை செய்கிறவர்கள். “இங்கியா?” என்றார்.

“இங்கியேதான்.”

அவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். நடைபாதை முழுக்கக் காது அடைத்தது. அதன் பின்னால் அந்தக் குரல் வந்தது. “டி.நரசீபுரா, கொள்ளேகால், காமகெரே, ஹனூரு, கௌதள்ளி, மார்டள்ளி. மார்டள்ளி மார்டள்ளி மார்டள்ளி.” வெண்கலக் குரல். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நுண்ணோக்கியை விட்டு எழுந்து வந்தவர்கள், கையுறையோடு வந்தவர்கள், டீ தம்ளரோடு வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ மெல்லச் சிரித்தார்கள். மாதேசனுக்கும் அது பிடித்துவிட்டது. இரண்டாவது தடவை இன்னும் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

மூன்றாவது தடவை கொள்ளேகாலில் தடுமாறினார். நான்காவதில் குரல் மூக்குக்குள் போய்விட்டது. ‘ஹனூரு’ என்ற ஊர் வரவே இல்லை. வெறும் ‘ஹங்ங’ என்ற ஓசைதான் வந்தது. இடது கண்ணிமை பாதி இறங்கி அப்படியே நின்றது. அவர் மோவாயைத் தூக்கி, இமைக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக எங்களைப் பார்த்தார். சமாளிப்பதற்காகச் சிரிக்கப் போனார். உதட்டின் ஓரங்கள் மேலே போகவில்லை. சிரிப்பு, பல்லைக் காட்டி உறுமுவது மாதிரி ஆகிவிட்டது. விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்று உதட்டோரம் வழியாகப் போயிற்று.

டீ தம்ளரோடு வந்தவர் அதைத் தரையில் வைத்தார்.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ரிசெப்டரின் வடிவம் எனக்குத் தெரியும், எடை தெரியும், அது எத்தனை துண்டுகளால் ஆனது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த நோயை ஒரு மனிதரிடம் நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த நோயில் இறங்கிய இமைமேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டியை வைத்தால் இமை மேலே எழும்பும். குளிரில் அந்த ரசாயனம் சீக்கிரம் அழிவதில்லை. டாக்டர்கள் பல காலமாகச் செய்யும் எளிய சோதனை. பத்தடி தூரத்தில் எங்கள் ஐஸ் இயந்திரம் இருந்தது. நான் ஒரு கையுறையை எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டேன்.

“எங்கே போறீங்க?”

எங்கள் துறைத் தலைவர். அதிகம் பேசாத அம்மையார். எல்லோருக்கும் அவர் ‘மேடம்’, எனக்கும்தான்.

“ஐஸ் வெச்சுப் பார்க்கலாம்னு.”

“நீங்க டாக்டரா?”

“இல்லை மேடம். ஆனா கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தா எல்லாம் சரியாயிடும். அப்புறம் யாருக்கும் காட்ட முடியாது.”

“நீங்க வெச்சு இமை எழும்பினா அது வேடிக்கை. டாக்டர் வெச்சு எழும்பினா அது சாட்சி. இந்த ஆளுக்கு இப்ப எது வேணும்?”

நான் கையுறையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். இந்த மாதிரி நேரத்தில் கை முந்திக்கொள்ளும், உங்களுக்கும் முந்தும். நாம் செய்யத் தெரிந்த காரியம் எல்லாம் நாம் செய்ய வேண்டிய காரியம் ஆகிவிடாது.

மாதேசனின் ரத்தத்தை எங்களுக்கு அனுப்பிய நரம்பு மருத்துவர் கொஞ்ச தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கன்னடக்காரர், நாங்கள் பேசுவது கன்னடத்தில். விவரம் சொன்னேன். “நீங்கதானே மேடம், இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்க?” என்றார்.

“நான்தான். வந்து பாருங்க.”

“இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அவரைப் பேச விடாதீங்க, தண்ணிகூடக் கொடுக்காதீங்க. ஒரே மூச்சில் எதுவரைக்கும் எண்ண முடியுதுன்னு மட்டும் கேளுங்க.”

மாதேசன் மூக்கால் எண்ணினார். இருபத்தைந்து வரை போனது. “நல்லது, மூச்சுக்குப் பயமில்லை” என்றார் டாக்டர். “இப்ப அவரை உட்கார வெச்சு மேலே பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. இமை இறங்கினபடியே இருக்கும்.”

பழனியம்மா கூப்பிடச் சொன்னபோது நான் தடுத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. மூச்சுத் தசையும் தசைதான். அந்த அம்மாவுக்கு அது தெரிய வாய்ப்பில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. ஆச்சரியத்தில் மறந்துபோனேன். அன்றைய பெரிய தவறு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இருபது நிமிடம் மாதேசன் எங்கள் கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பழனியம்மா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார். இடது இமையின் இடைவெளியைச் சின்ன ஸ்கேலால் அளந்தார். கையுறைக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டுக் கண்மேல் வைத்தார். இரண்டு நிமிடம். எடுத்தார்.

இமை திறந்தது. மெதுவாக, ஆனால் முழுதாக. இரண்டு கண்ணும் ஒரே அளவில் எங்களைப் பார்த்தன.

“நான் சொன்னனா இல்லியா?” என்றார் பழனியம்மா. எங்களிடம் இல்லை, கணவரிடம். சொல்லிவிட்டு முந்தானையால் அவர் முகத்தில் வழிந்த ஐஸ் தண்ணீரைத் துடைத்துவிட்டார்.

டாக்டர் அவர்களை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். மூச்சுத் திறனை அளந்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, ஒரு மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். நாங்கள் இரண்டு பெண்களும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் பழனியம்மாவிடம் ஏதோ மன்னிப்பு மாதிரி ஆரம்பித்தேன். அதற்குள் வார்டுக்குள்ளிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு விசில் சத்தம். ஒரு நர்ஸ் ஓடி வந்து, இது ஆஸ்பத்திரியா பஸ் ஸ்டாண்டா என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். டாக்டர் நிதானமாக, “சிஸ்டர், நான்தான் ஊதச் சொன்னேன். இன்னொந்து சல ஊதப்பா” என்றார். மாதேசன் இன்னொரு தடவை ஊதினார். நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார்.

குரல் தெளிந்ததும் மாதேசன் கேட்ட முதல் கேள்வி, இது என்ன வியாதி என்பதுதான். நரம்பு, ரசாயனம், ரிசெப்டர், ஆன்டிபாடி என்று நான் விளக்கினேன். மாணவர்களுக்குச் சொல்வதைவிட எளிமையாகத்தான் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

“அப்ப சீட்டு இருக்குதுங்க. ஏற வேண்டிய ஆளும் வர்றாரு. அதுக்கு முந்தி எவனோ சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிச்சு வெச்சிட்டான். துண்டு மட்டும் கெடக்குது, ஒக்கார முடியல. அப்படித்தானுங்க?”

நான் அசந்துபோனேன். “கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா இந்தத் துண்டு இடம் பிடிக்கிறதோட நிக்காது. போகப் போகச் சீட்டையே கழற்றி எறிஞ்சிடும்.”

“அடப்பாவி” என்றார் மாதேசன். “எங்க ரூட்டுல அந்த மாதிரியும் ஆளு இருக்கறானுங்க.”

அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் அந்த ஆன்டிபாடிக்குத் துண்டு என்றுதான் பெயர். நீங்களும் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

மறுநாள் பஸ் முதலாளிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் முதலாளி கையில் என் அறிக்கையும் இருக்கிறது. இரண்டு காகிதம், இரண்டு விதமான பேச்சு. எங்கள் அலுவலகத்தில் சிலர், சோதனை முறைப்படி சரியாகத்தான் நடந்தது, நிலையம் எதையும் ஒப்புக்கொண்டு எழுத வேண்டியதில்லை என்றார்கள். நான் மேடத்திடம் போனேன்.

“சோதனையில் தப்பு இருந்ததா?” என்று கேட்டார்.

“இல்லை மேடம்.”

“பின்னே எதில்?”

“வாக்கியத்தில். ‘என் சோதனையில் தெரியலை’ன்னு எழுத வேண்டிய இடத்தில் ‘நோய் இல்லை’ன்னு எழுதிட்டேன்.”

“அதையே எழுதுங்க. சுத்தி வளைக்காதீங்க.”

அப்படியே எழுதினேன். ‘என் முந்தைய அறிக்கையில் சோதனை சொன்னதைவிட அதிகமாக நான் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது. இவருடைய பேச்சுக் குழறலுக்குக் காரணம் குடி அல்ல.’ கையெழுத்துப் போட்டு, மாதேசன், பழனியம்மாவோடு நானே ஹனூருக்குப் போய் முதலாளியிடம் கொடுத்தேன். தடித்த கண்ணாடி போட்ட, சந்தேகக் குணமுள்ள மனிதர். இரண்டு முறை படித்தார். பிறகு கன்னடத்தில், “இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆபீஸ் காகிதம் வந்திருக்கு மேடம். தப்பு என்னுதுன்னு எழுதின காகிதம் இதுதான் முதல் தடவை” என்றார். ஸ்கேன் எல்லாம் எடுத்து மருந்து சரியாகப் பிடித்ததும், இரண்டு மாதத்தில் மாதேசனைக் காலை டிரிப்புக்கு மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். மத்தியான டிரிப்பு வேறொருவருக்குப் போயிற்று. அதில் மாதேசனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நோய் இருக்கிறது, அப்படியானால் ஆன்டிபாடி எங்கே ஒளிந்திருக்கிறது?

பதிலின் நுனியைக் கொண்டுவந்தவள் ரூபா. அப்போதுதான் சாமராஜநகரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். “மேடம், நம்ம குழாயில் ரிசெப்டர் தனித்தனியா மிதக்குது. தசையில் அப்படி இல்லையே, நெருக்கிக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கு” என்றாள். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். சிலருடைய ஆன்டிபாடிக்குப் பிடி பலவீனம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை இரு கையாலும் பற்றினால்தான் நிற்கும். தனியாக மிதக்கும் ஒன்றை ஒற்றைக் கையால் பிடித்தால் நழுவிவிடும். அப்படியானால் உயிருள்ள செல்களின் மேல் ரிசெப்டர்களைத் தசையில் இருப்பது போலக் கூட்டமாக உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் சிலர் இதைச் செய்து காட்டியிருந்தார்கள். நாங்கள் எங்கள் ஆய்வகத்தில் செய்யக் கற்றுக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் தடவை மாதேசனின் ரத்தத்தை அந்தச் செல்களின் மேல் விட்டுப் பார்த்த அன்று, நுண்ணோக்கியில் பச்சை ஒளி. ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தோம். தீபாவளி மாதிரி இருந்தது. நான் அந்த இடத்திலேயே டாக்டருக்குப் போன் செய்து, “கண்டுபிடிச்சிட்டோம்” என்று சொல்லிவிட்டேன்.

மேடம் வந்து பார்த்தார். “அழகா இருக்கு. உங்க ரத்தத்தை விட்டுப் பார்த்தீங்களா?”

விட்டோம். என் ரத்தமும் பச்சையாக ஒளிர்ந்தது. ரூபாவின் ரத்தமும் ஒளிர்ந்தது. மேடம் சட்டையின் கையை மடித்துத் தன் ரத்தத்தையும் கொடுத்தார், அதுவும் ஒளிர்ந்தது. கடைசியில் காவலாளியும் தானாக வந்து கொடுத்தார். அவரும் பச்சை. செல்களில் பாதி செத்துப்போயிருந்தன. செத்த செல்லின் மேல் எதை விட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

டாக்டருக்கு மறுபடியும் போன் செய்தேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, “பரவாயில்லை மேடம். உங்க லேப்புக்கு மொத்தமா மாத்திரை அனுப்பட்டுமா, வாட்ச்மேனுக்கும் சேர்த்து?” என்றார். பல மாதங்கள் அவர் என்னைப் பார்த்ததும் முதலில் என் கண்ணிமையைத்தான் பார்ப்பார்.

முதலில் ‘இல்லை’ என்று அவசரப்பட்டவள், அடுத்து ‘இருக்கிறது’ என்று அவசரப்பட்டேன். அவசரம் ஒன்றுதான், திசைதான் வேறு. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எது யாருடைய ரத்தம் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. ஏழு மாதம் கழித்து ரூபா பத்துக் குழாய்களில் வெறும் எழுத்துகளை ஒட்டிக் கொடுத்தாள். நான் பார்த்தேன். மூன்று மட்டும் ஒளிர்ந்தன. மற்ற ஏழும் கும்மிருட்டு. அந்த இருட்டைப் பார்த்துத்தான் எனக்கு அதிக சந்தோஷம். பட்டியலைப் பிரித்தோம். இரண்டு பேர் ஏற்கெனவே நோய் உறுதியானவர்கள். மூன்றாவது மாதேசன். என் ரத்தம் இருட்டில் நிம்மதியாக இருந்தது. டாக்டருக்கு அன்று போன் செய்யவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் செய்தேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மேடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உறைபெட்டியில் பல வருடத்து ரத்தக் குழாய்கள் இருந்தன. ‘இந்த நோய் இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களுடையவை. டாக்டர்கள் மூலமாக, அனுமதி கிடைத்தவரை, அவற்றையெல்லாம் மறுபடி பார்த்தோம். பெரும்பாலானவர்களுக்கு அப்போதும் இல்லைதான். சிலருக்கு இருந்தது. ஒவ்வொருவரையும் அவரவர் டாக்டரே கூப்பிட்டுச் சொன்னார். ஒருவருடைய போன் எண் மட்டும் வேலை செய்யவில்லை. மேல்கோட்டை முகவரி, நம் டாக்டரிடமே வந்து பரிசோதனைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, பிறகு வராமல் நின்றுவிட்டவர். “நான் நேரில் போறேன். நீங்களும் வாங்க. எழுதினவங்க நீங்க” என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம்.

மாதேசன் தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னார். இவருடைய பெயரை மாற்றியிருக்கிறேன். கோமளா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது. மெலிந்த உடம்பு. கதவைத் திறந்தவர் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூந்தலைப் பின்னாமல் கழுத்தோடு கத்தரித்திருந்தார். டாக்டரை அடையாளம் தெரிந்தது. “உள்ளே வாங்கோ” என்றார்.

டாக்டர் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். புதிய சோதனை, புதிய முடிவு. இது நிஜமான நோய், மருந்து உண்டு, பெரும்பாலும் நன்றாகக் கேட்கும் என்றார். நான் யார் என்றும், முந்தைய அறிக்கையில் நான் எழுதிய வரி எப்படித் தவறானது என்றும் நான் சொன்னேன். கோமளா என்னைத் திட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

“தலை பின்னிக்கக் கை தூக்க முடியலே. பாதிப் பின்னல்லே கை விழுந்துடும். அதான் வெட்டிண்டேன்” என்றார். “சாயங்காலம் பாத்திரம் தேய்க்க முடியலே. அடுப்பண்டை நிக்க முடியலே. இந்தாத்துலே எல்லாரும் என்ன சொன்னா தெரியுமோ? ரிப்போர்ட்டுலே ஒண்ணும் இல்லே, அப்போ சோம்பேறித்தனம்னா. நாலு வருஷமா.” பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான்கூட அப்படித்தான் நெனச்சிண்டேன்” என்றார்.

இந்த வார்த்தையை நீங்கள் மறக்க வேண்டாம். நம் அறிக்கை டாக்டர் மேஜையோடு நின்றுவிடுவதில்லை. அது வீட்டுக்குப் போகிறது, சமையலறைக்குப் போகிறது. அங்கே யாரோ ஒருவர் அதைக் காட்டி இன்னொருவரை வாயடைக்கச் செய்கிறார்.

“அந்தப் புது ரிப்போர்ட்டைக் கொடுங்கோ” என்று கை நீட்டினார். கொடுத்தேன். வாங்கினார், ஆனால் தான் படிக்கவில்லை. உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார். அவர் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கிறவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அச்சான காகிதத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர், அவ்வளவுதான். மேல்துண்டைச் சரிசெய்தபடி வந்தார்.

“இதை உரக்க வாசிங்கோ” என்றார் கோமளா.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பாதியில் குரல் தாழ்ந்தது.

“கேக்கலே. முதல்லேர்ந்து.”

அவர் மனைவியை ஒரு முறை பார்த்தார், எங்களை ஒரு முறை பார்த்தார். முதலிலிருந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி வாசித்தார். வாசித்து முடித்ததும் காகிதத்தை நான்காக மடித்து மனைவியின் மடியில் வைத்தார். மணி பதினொன்று ஆகியிருந்தது. சட்டென்று திரும்பிச் சமையலறைக்குள் போனார். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“துவரம்பருப்பு எங்கே இருக்கு?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

கோமளா சுவரில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“தேடுங்கோ” என்றார்.